எட்டா, மூன்றா?

ஐயா,
நீட் தேறி எம்.பி.பி.எஸ். சேரப் போகிறேன். எனக்குச் சிவப்பு, பச்சை நிறக்குருடு. நிறக்குருட்டைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டால் தப்பிக்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். 'உன் குடும்பத்துச் சீக்கு' என்று அப்பா அம்மாவைத் திட்டுகிறார். நான் டாக்டராகலாமா? எந்தத் துறை எடுக்கலாம்?
கா., பெரம்பூர்

அன்புள்ள தம்பி,

ஆகலாம். 2017இல் திரிபுரா மாணவர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றமே வழி விட்டுவிட்டது. துறையெல்லாம் அப்புறம், முதலில் அனாட்டமி பாஸ் பண்ணு.

உன் அப்பா சொல்வது கணக்குப்படி சரி. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் வருகிறது, ஆண் பிள்ளைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான். அதற்காகத் திட்டுவாரா? நீட் மார்க்கிலும் பாதி அந்தக் குடும்பத்துச் சொத்துதான் என்று சொல்.

மனப்பாடம் என்றதும்தான் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் புத்தகத்தின் இரண்டாவது புள்ளிப் படத்தில் மற்றவர்களுக்கு 8 தெரிகிற இடத்தில் உன்னைப் போன்றவர்களுக்கு 3 தெரியும். நீ வாய்கூசாமல் 'எட்டு' என்பாய், தேறிவிடுவாய். சரி, பாக்டீரியாவை வகை பிரிக்க கிராம் ஸ்டெயின் சாயம் போட்ட ஸ்லைடில் ஊதாவா இளஞ்சிவப்பா என்று கேட்டால்? நோயாளியின் மலத்தில் ரத்தமா என்று கேட்டால்? அதற்கெல்லாம் எந்தப் புத்தகத்தை உருப்போடுவாய்? மறைத்துவிட்டவனால் பக்கத்தில் இருப்பவனிடம் வாய்விட்டுக் கேட்கவும் முடியாதே, மடையா!

என் தாய்மாமாவுக்கும் இதே குறை. திருவல்லிக்கேணியில் வீட்டு முன்னறையிலேயே சின்ன லேப் வைத்திருந்தார். சர்க்கரைக்கு அப்போது பெனடிக்ட் கரைசல்தான். எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால் நீலம் அப்படியே நிற்கும், அல்லது பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். மாமா குழாயை இடுக்கியில் பிடித்தபடி சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார். மாமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பச்சைதான், லேசா மஞ்சள் தட்டுது" என்பார். அதன் பிறகுதான் மாமா பேனாவைத் திறப்பார். "உங்களுக்கே தெரியாதா சார்?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். "தெரியாது. அதான் கேக்கறேன்" என்றார் மாமா, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போ. எந்த வகை, எவ்வளவு தீவிரம் என்று எழுதி வாங்கிக் கல்லூரியில் நீயாகவே கொடு. அம்மாவை அலைக்கழிக்காதே, அப்பாவைக் கூட்டிப்போ. ஓ.பி. வரிசையில் அவர் நிற்கட்டும்.