லெஸ்டர் போன தம்பிக்கு: டிஸ்க் வலியோடு கார்ப்பெட் மிஷின் வாங்கும் முன்

தம்பி, ஒரு மாத லீவில் கடலூர் வந்திருக்கிறேன். மஞ்சக்குப்பம் வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நேற்று வில்லியனூர் போய் உங்கள் அப்பாவைப் பார்த்தேன். நீங்கள் அவரிடம் சொல்லி அனுப்பிய கேள்வியையும் கேட்டுக்கொண்டேன். மனைவியின் நர்ஸ் வேலை விசாவில் இங்கிலாந்தின் லெஸ்டருக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது, கார்ப்பெட் சுத்தம் செய்யும் வேலையைச் சொந்தமாகத் தொடங்க ஆசை, ஆனால் முதுகில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. "அதிகம் தண்ணீர் ஊற்றாத மிஷின் என்கிறார்களே, அதில் எதை வாங்கினால் என் முதுகு தாங்கும், அண்ணா?" இதுதானே கேட்டீர்கள்?

எனக்கும் அதே முதுகுதான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது நான் ஊரில் இருந்தேன். பண்ருட்டிப் பக்கம் மாமா தோப்பில் சாய்ந்த பலாவையும் முந்திரியையும் அறுத்து அப்புறப்படுத்திய வாரத்தில் பிடித்த வலி, இன்றுவரை முழுதாக விடவில்லை. அந்த முதுகோடு இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போய், இதே கார்ப்பெட் வேலைக்காக, விலை குறைவு என்பதால், வெந்நீரைப் பீய்ச்சி உறிஞ்சும் பழைய மிஷின் ஒன்றை வாங்கினேன். காலியாகவே முப்பத்தைந்து கிலோ இருக்கும். விற்றவர் "சக்கரம் இருக்கிறதே, தள்ளிக்கொண்டு போகலாம்" என்றார். லிப்ட் இல்லாத இரண்டாம் மாடி வீடு ஒன்றுக்கு அதைத் தூக்கிப் போனேன். அன்றைக்குப் படுத்தவன் மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை. அதனால் உங்கள் கேள்வியை அவசரப்பட்டுப் பதில் சொல்லித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வெந்நீர் முறையில் மிஷின் எடையைவிட முதுகைப் பாதிப்பது தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. நாற்பது லிட்டர் தொட்டி நிரம்பினால் நாற்பது கிலோ. நல்ல தண்ணீரை உள்ளே கொண்டுபோக வேண்டும், அழுக்குத் தண்ணீரை வெளியே கொண்டுவந்து ஊற்ற வேண்டும். ஒரே வீட்டில் இது இரண்டு மூன்று தடவை நடக்கும். குறைந்த ஈர முறைக்கு மாறினால் இந்தச் சுமை அப்படியே போய்விடுகிறது. முதுகு சரியில்லாதவர்களுக்கு அந்த முறையில் இருக்கும் பெரிய லாபமே இதுதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மிஷினைத் தேர்ந்தெடுப்பது சுலபம். முதலில் வேக்குவம் போட்டு, நின்று நிதானமாக, உலர்ந்த மண்ணை எடுத்துவிட வேண்டும். பிறகு என்காப்சுலேஷன் என்கிற மருந்தைத் தண்ணீரில் கலந்து மெல்லியதாகத் தெளித்து, பிரஷ் மிஷினால் நாருக்குள் தேய்க்க வேண்டும். அது உலரும்போது அழுக்கைச் சுற்றி மணி மணியாக இறுகிக்கொள்ளும். மறுபடி வேக்குவம் போட்டால் அந்த மணியோடு அழுக்கும் வந்துவிடும். தெளிப்பதற்கு ஐந்து லிட்டர் பம்ப் போதும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தரை காய்ந்துவிடும். மே மாதம் நம் மொட்டை மாடியில் போர்வையைக் காயப்போட்டு எடுக்கும் நேரம்தான். வெந்நீர் போட்டால் அங்கே குளிர்காலத்தில், ஜன்னலைத் திறக்க முடியாத வீட்டில், மறுநாள்வரைகூட ஈரம் நிற்கும். வாடிக்கையாளருக்கும் அது பிடிக்காது.

இனி மிஷின். கடையில் முதலில் காட்டுவது பதினேழு அங்குலத் தட்டு ஒன்று வட்டமாகச் சுற்றும் மிஷினாக இருக்கும். நீங்கள் அதைத் தொட வேண்டாம். அது தன் போக்கில் பக்கவாட்டில் இழுக்கும். கைப்பிடியை ஏற்றி இறக்கி அதை வசப்படுத்தத் தெரிந்தவர்கள் அழகாக ஓட்டுவார்கள். ஆனால் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் இடுப்பு முறுக்கிக்கொண்டே இருக்கும். பிதுங்கிய டிஸ்க்குக்கு முறுக்கல்தான் எமன்.

உங்களுக்கு நான் சொல்வது சி.ஆர்.பி. எதிரெதிராகச் சுற்றும் இரண்டு உருளை பிரஷ் அதில் இருக்கும். ஒன்று முன்னால் இழுத்தால் மற்றது பின்னால் இழுக்கும், அதனால் மிஷின் பக்கவாட்டில் ஓடாது. நிமிர்ந்து நின்று, புல் வெட்டும் வண்டியைப் போல நேராகத் தள்ளினால் போதும். சிறிய அளவில் பத்துப் பதினைந்து கிலோவுக்கும் கிடைக்கிறது. லேசான ஈரமுள்ள பொடியைத் தூவித் தேய்த்து எடுக்கும் உலர் முறைக்கும் இதே மிஷின் உதவும். வாங்கும்போது கைப்பிடி உங்கள் உயரத்துக்கு ஏறுகிறதா என்று பாருங்கள். நாம் ஐந்தரை அடி, ஆறடிக்காரனுக்குச் செய்த கைப்பிடி நமக்கு ஒத்துவராது. கைப்பிடி தனியாகக் கழன்று வந்தால் இன்னும் நல்லது, இரண்டு நடையாகத் தூக்கலாம்.

அடியில் பேட், அதாவது தேய்க்கும் மெத்தை வைத்து, சுற்றாமல் அதிர்கிற மிஷினும் இருக்கிறது. அதுவும் இழுக்காது, பிடிப்பும் லேசு. ஒரே தொல்லை, பேட் அழுக்கானதும் குனிந்து திருப்பிப் போட வேண்டும். ஒரு ஹாலுக்கு நாலு தடவை குனிய நேரலாம். எனக்கு அதனால் சி.ஆர்.பி.தான் பிடிக்கும். மூன்று பிரஷ் தலை வைத்த பெரிய மிஷினை யாராவது பரிந்துரைத்தால், அது ஆபீஸ் தளங்களுக்கு அருமையானது, ஆனால் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

எடையைப் பற்றி ஒன்று. பிரிட்டனில் பணிப் பாதுகாப்பைப் பார்க்கும் எச்.எஸ்.இ. ஒரு வழிகாட்டு அளவு தந்திருக்கிறது. நல்ல உடம்புள்ள ஆண், இடுப்பு உயரத்தில் உடம்போடு ஒட்டிப் பிடித்தால் 25 கிலோ. அதே ஆள் கால் மட்டத்திலிருந்து தூக்கினால் 10 கிலோ. அதே கால் மட்டத்தில் கையை நீட்டித் தூக்கினால் வெறும் 5. கார் டிக்கியை யோசித்துப் பாருங்கள். விளிம்புக்கு மேலே குனிந்து, கையை நீட்டித்தானே எடுக்கிறோம்? பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் சுமக்கிறவர்கள் பழத்தை வயிற்றோடு அணைத்துத்தான் தூக்குவார்கள், நீட்டிய கையில் யாரும் பிடிக்க மாட்டார்கள். விளிம்பே இல்லாமல் தளம் சமமாக இருக்கிற சின்ன வேனும், ஒரு மடக்குச் சரிவுப் பலகையும் கிடைத்தால், அதற்குக் கொடுக்கும் காசை மிஷினுக்குக் கொடுக்கும் காசாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கட்டில் சி.ஆர்.பி.யை ஏற்ற வேண்டாம். கீழ்ப்படியில் மண்டியிட்டு, கைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு படியாக மேலே போங்கள், முழங்காலுக்கு நல்ல மெத்தைக் கவசம் போட்டு. கறை எடுப்பதற்கும் குனியாமல் மண்டியிடுங்கள்.

இந்த முறைக்கு எல்லை உண்டு, அதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாய், பூனை சிறுநீர் அடிவரை இறங்கியிருந்தால், வருடக்கணக்கில் எண்ணெய் ஏறியிருந்தால், குறைந்த ஈரம் போதாது. அந்த வேலையை நான் வெந்நீர் வண்டி வைத்திருக்கும் இன்னொருவரிடம் கொடுத்துவிடுவேன், அவர் அலுவலக வேலைகளை எனக்குத் தருவார். கம்பளிக் கார்ப்பெட் என்றால் காரம் அதிகமான மருந்தைத் தவிர்த்து, கம்பளிக்கென்று சான்று பெற்றதாகப் பார்த்து வாங்குங்கள். நீளமான முடி உள்ள கார்ப்பெட்டில் சி.ஆர்.பி. ஓட்டாதீர்கள், பிரஷ்ஷில் சுற்றிக்கொள்ளும்.

அப்புறம் காகித வேலை. மனைவியைச் சார்ந்து கிடைத்த டிபெண்டன்ட் விசாவில் சொந்தத் தொழில் செய்யலாம், ஆனால் உங்கள் விசா கடிதத்தில் எழுதியிருப்பதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். ஒரு வரி வருடத்தில் 1,000 பவுண்டுக்கு மேல் வருமானம் வந்தால் வரித்துறையில் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது, நீங்கள் சுத்தம் செய்கிற கார்ப்பெட்டுக்கே சேதம் வந்தால் தருவார்களா என்று கேளுங்கள். பிறருக்கு நேரும் சேதத்துக்கான சாதாரண பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸில் பெரும்பாலும் அது சேராது, டிரீட்மென்ட் ரிஸ்க் என்று தனியாகச் சேர்க்க வேண்டும்.

முதுகுக்கு: அங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். இருக்கிறது, பயன்படுத்துங்கள். இங்கிலாந்தில் பல ஊர்களில் டாக்டர் சீட்டு இல்லாமல் நீங்களே பிசியோவுக்குப் பதியலாம். மிஷின் வாங்கும் முன் அவரிடம் இந்த வேலையை நடித்துக் காட்டுங்கள். இரண்டு காலும் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தொடையிடுக்கு உணர்ச்சி குறைந்தாலோ, அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

அடுத்த மாதம் திரும்புகிறேன். அதுவரை எதற்கும் முன்பணம் கட்ட வேண்டாம். ஒரு சனிக்கிழமை லீட்ஸ் வந்து என் மிஷினை நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள், மறுநாள் காலையில் முதுகு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இதற்கிடையில் உங்கள் கார் டிக்கி விளிம்பு தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து வையுங்கள்.