புதிய வீடும் பெற்ற தாயும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரின்போது லண்டனிலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்ட, பெற்றோரை இழந்த அண்ணன் தங்கையைப் பற்றிய சிறார் நாவல் ஒன்றை என் மகள் ஒரே மூச்சில் படித்துவிட்டாள். கடைசியில் அவர்களுக்கு அன்பான ஒரு குடும்பம் கிடைக்கிறது. 'உண்மையிலேயே இப்படி நடந்ததா?' என்று கேட்கிறாள். இத்தகைய கதைகள் வரலாற்றை இனிப்பாக்கிக் காட்டுகின்றனவா?

ம., கோவை

அன்புள்ள ம.,

நடந்ததுதான். ஆனால் பெற்ற தாயை இக்கதைகள் பெரும்பாலும் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன.

1939 செப்டம்பர் 1 அன்று தொடங்கி, மூன்றே நாட்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேரை, குண்டுவீச்சுக்கு அஞ்சி, பிரிட்டிஷ் அரசு நகரங்களிலிருந்து வெளியேற்றியது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆசிரியர்களுடன் ரயிலேறிய பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் மிகப் பலருக்கு வீட்டில் பெற்றோர் இருந்தார்கள். சட்டையில் பெயர்ச்சீட்டும் தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டியுமாக அவர்கள் ஊர்ப் பொதுக்கூடத்தில் காத்திருக்க, பல ஊர்களில் வீட்டுக்காரர்கள் வந்து தமக்குப் பிடித்த பிள்ளையைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். பண்ணை வேலைக்கு உதவக்கூடிய பையன்கள் சீக்கிரம் போய்விட, பிரிய மறுத்த உடன்பிறந்தவர்கள் கடைசிவரை நிற்க நேர்ந்தது. ஒரு பிள்ளை மட்டும் என்றால் வாரத்துக்கு 10 ஷில்லிங் 6 பென்ஸும், ஒன்றுக்கு மேற்பட்டால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸும் அரசு கொடுத்தது. இந்தக் காசுக் கணக்கை மறைக்காத சிறார் நாவலை நான் உடனே நம்பத் தொடங்கிவிடுவேன். ஏனெனில், வேண்டாவெறுப்பாகக் கதவைத் திறந்த ஒருத்தி பிறகு அந்தப் பிள்ளைக்காக உருகுவதுதான் கதை, முதல் நாளே கட்டியணைப்பது அல்ல.

எதிர்பார்த்த குண்டுகள் விழாததால் 1940 ஜனவரிக்குள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஊர் திரும்பிவிட்டார்கள். செப்டம்பரில் லண்டன்மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியதும் பலர் மறுபடியும் அனுப்பப்பட்டார்கள். இப்படி இரண்டு வீடுகளுக்கிடையே இழுபடும் பிள்ளையை எழுதுவது கடினம் என்பதால், எழுத்தாளர் பெற்றோரைச் சாகடித்துவிடுகிறார், அல்லது தாயைக் கொடுமைக்காரி ஆக்கிவிடுகிறார். புதிய வீட்டை நேசிக்கும் பிள்ளைக்குக் குற்றவுணர்வு வராதிருக்க, இதைவிட வசதியான வழி இல்லை. (வில்லியான சித்தியை நம் கதைகளும் இதற்காகத்தானே வைத்திருக்கின்றன!) போர்க்காலத்தில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் குழந்தைக் காப்பகங்கள் நடத்திய உளப்பகுப்பாய்வாளர்கள் அன்னா ஃப்ராய்டும் டொரதி பர்லிங்ஹாமும், சிறு குழந்தைகளைக் குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே அதிகம் பாதித்தது என்று எழுதினார்கள்.

ஆகவே இனிப்பு இருப்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் வளர்ப்புக் குடும்பத்தோடு உறவாடியவர்கள் உண்டு. அடியும் பசியும் மட்டுமே கண்டவர்களும் உண்டு. எனக்குக் குறையாகப் படுவது, பல நாவல்கள் 1945க்கு முன்பே முடிந்துவிடுவதுதான். கிராமத்துப் பேச்சு நாவில் ஒட்டிக்கொள்ள, பெற்றவளை அன்னியளைப்போலப் பார்த்தபடி வீடு திரும்பிய பிள்ளைகள் இருந்தார்கள். அந்த அண்ணன் தங்கையின் தாய் உயிரோடு இருந்து, அழைத்துப்போக வந்திருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும் என்று உங்கள் மகளிடம் கேளுங்கள்; அவள் சொல்லும் முடிவை எனக்கும் எழுதுங்கள்.