சுவருக்கு அந்தப் பக்கம் யார்? வீட்டுக் காவலுக்கு ரைஃபிள்: கேள்வி பதில்

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்கு ரைஃபிள் வாங்க நினைக்கும் நம்மவர்கள் கேட்டவை இவை. நான் இருப்பது டெக்சஸில். அந்த வாடை பதில்களில் கொஞ்சம் வீசும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ் வாசகர்: அண்ணா, நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து வீட்டில் பயம். ஏஆர்-15 ரக ரைஃபிள் வாங்கினால் எந்த காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா, நல்லது?

காலிபரை அப்புறம் பார்ப்போம் தம்பி. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விதிவிலக்குகளில் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது ஒன்றுதான்: ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் இதை நேராகவே கேட்பார்கள். நண்பரோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் "சும்மா ரெண்டு ரவுண்டு" சுடுவதிலும் இதே சிக்கல் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. உரிமம் எடுத்தாலும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை கிடையாது.

ஹூஸ்டன் வாசகி: கணவர் .308 வாங்கலாம் என்கிறார். எனக்கு .223 போதும் என்று தோன்றுகிறது. இரண்டு பிள்ளைகள், தனித்தனி அறை.

உங்கள் பக்கம்தான் நான். இங்கே வீட்டு உள்சுவர் என்பது அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, நடுவில் காற்று. நம் ஊர்ச் செங்கல் சுவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஆளைத் தடுக்கும் பலமுள்ள எந்தத் தோட்டாவும் அதைத் துளைத்துப் போகும். .308 மான் வேட்டைக்கானது. 150 க்ரெய்ன் எடையுள்ள குண்டு நொடிக்குச் சுமார் 2,800 அடி வேகத்தில் பறக்கும். பக்கத்து வீட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

.223-இல் 55 க்ரெய்ன் குண்டு, அதாவது மூன்றரை கிராம் சொச்சம், 3,000 அடிக்கு மேல் வேகம். வேகம் கூடுதல் என்றாலும் எடை குறைவு. பலகையில் பட்டதும் தடுமாறிப் புரளும், விரியும் வகைக் குண்டு என்றால் உடைந்தும் போகும். அதனால் சீக்கிரம் வலுவிழக்கும். கைத்துப்பாக்கிதான் பாதுகாப்பு என்பார்கள். ஆனால் மெதுவாகப் போகும் கனமான 9 மி.மீ. குண்டு பல சமயம் இதைவிட அதிகச் சுவர்களைத் தாண்டும். பட்டதும் விரியும் சாஃப்ட் பாயிண்ட் அல்லது ஹாலோ பாயிண்ட் குண்டு வாங்குங்கள். பச்சை முனை எம்855 வேண்டாம், அதன் முனைக்குள் எஃகு இருக்கிறது.

இன்னொன்று. இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். நான் அப்படிப் பார்த்தபோது, வசதியாக நின்று சுடலாம் என்று நினைத்திருந்த இடத்துக்கு நேர் எதிரே, இரண்டு சுவர் தள்ளி மகளின் தலையணை இருந்தது. கட்டிலை நகர்த்தினேன், நிற்கும் இடத்தையும் மாற்றினேன். எந்த காலிபரும் இந்த வேலையைச் செய்யாது.

அட்லாண்டா வாசகர்: .223-ம் 5.56-ம் ஒன்றுதானே?

பார்த்தால் ஒன்றுதான். ஆனால் 5.56-க்கு அழுத்தம் கூடுதல், குழலில் தோட்டா உட்காரும் அறையின் அளவும் சற்று வேறு. 5.56 என்று பொறித்த குழலில் இரண்டையும் சுடலாம். .223 என்று மட்டும் பொறித்திருந்தால் .223 மட்டும்தான். '.223 வைல்ட்' என்றிருந்தால் இரண்டும் சரி. கடைக்காரர் சொன்னார், மச்சான் சொன்னான் என்பதெல்லாம் வேண்டாம், குழலில் உள்ள எழுத்தைப் படியுங்கள்.

இதைவிட ஆபத்தானது .300 பிளாக்அவுட் என்ற தோட்டா. தோட்டா அடுக்கும் அதே மேகசினில் சேரும், சில சமயம் 5.56 குழலுக்குள்ளும் நுழைந்துவிடும். சுட்டால் துப்பாக்கி வெடிக்கும். புதிதாக வாங்குபவர் .300 பிளாக்அவுட்டையும் 5.56-ஐயும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள்.

நியூ ஜெர்சி வாசகர்: எங்கள் மாநிலத்தில் ஏஆர் வாங்க விடமாட்டார்கள் போலிருக்கிறதே?

நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா, இல்லினாய்ஸ், வாஷிங்டன் எல்லாம் இதில் கறார். உங்கள் ஊரில் முதலில் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை எடுக்க வேண்டும். மேகசினில் 10 தோட்டாதான். நானாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கையால் லீவரை இழுத்துச் சுடும் .357 மேக்னம் லீவர் ரைஃபிள் பார்ப்பேன். அதில் .38 ஸ்பெஷலும் போடலாம், உதை குறைவு, சத்தமும் குறைவு. 1895-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் .30-30 நல்ல மான் தோட்டா, ஆனால் ஒட்டுச்சுவர் அடுக்ககத்துக்கு அதிகம். ஹாலோ பாயிண்டை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வெளியே எடுத்துப் போவதற்குத்தான் கெடுபிடி.

ஆஸ்டின் வாசகர்: மாமனாருக்குத் தோள் வலி. .22 போதுமா?

.22-இல் தோட்டாவே வெடிக்காமல் போவது மற்றவற்றைவிட அதிகம், அதனால் என் முதல் தேர்வு அது இல்லை. ஆனால் உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு .308 சுடுவதைவிட, குறி தவறாத .22 மேல். அவரை .223-ஐ ஒருமுறை சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் உதை பெரும்பாலும் எல்லோரையும் ஏமாற்றும், அவ்வளவு மெல்லியது.

சியாட்டில் வாசகி: அறைக்குள் சுட்டால் காது என்னாகும்?

ரைஃபிள் சத்தம் 160 டெசிபல் அளவில் இருக்கும். 140-ஐத் தாண்டினாலே ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். மின்னணுக் காதுக்கவசம் ஒன்றைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். மெல்லிய ஓசையைப் பெருக்கித் தரும், வெடிச் சத்தத்தைத் தடுக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெட்டி தரையோடு திருகியிருக்க வேண்டும், சாவியோ எண்ணோ பெரியவர்களிடம் மட்டும். துப்பாக்கியில் டார்ச் கட்டாயம். இருட்டில் வருவது தண்ணீர் குடிக்க எழுந்த பையனாகவும் இருக்கலாம்.

சான் அன்டோனியோ வாசகர்: எவ்வளவு தோட்டா வாங்கி வைப்பது?

பயிற்சிக்கு விலை குறைந்த முழு உலோக உறைத் தோட்டா சில நூறு. பாதுகாப்புக்கான ஹாலோ பாயிண்ட் 20 தோட்டாப் பெட்டி மூன்று. அதில் இரண்டு பெட்டியை ரேஞ்சில் உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டுத் தீர்த்துவிடுங்கள், விலையைப் பார்த்தால் வயிறு எரியும்தான். சிக்காமல் ஓடினால் மூன்றாவதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சிக்கினால் வேறு பிராண்ட்.