பூட்டிக் கிடந்த வீட்டில் பூத்த செடி

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் அப்பத்தா வீடு பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. போன மாதம் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காகத் திறந்தோம். இரண்டாங்கட்டு முற்றத்து ஓரம், அடி உடைந்த பீங்கான் ஜாடியில் ஒரு செடி. நாலு பட்டையாக, கட்டை விரல் பருமனில், ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. இலை இல்லை, முள்ளும் இல்லை. நுனியில் கருஞ்சிவப்பாகப் பூக்கள் பந்து மாதிரி பூத்திருக்கின்றன, கிட்டே போனால் செத்த எலி வாடை. சித்தப்பா பிரண்டை என்று சொல்லித் துவையல் அரைக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சியோ, "கள்ளி வீட்டுக்கு ஆகாது, பிடுங்கிப் போடு" என்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன், யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி

பதில்: பிடுங்கிவிடாதீர்கள் அம்மா, துவையலும் இப்போதைக்கு வேண்டாம்.

பிரண்டை என்றால் கணுக்கணுவாக இருக்கும், கணுவில் சுருள்கம்பியும் இலையும் விட்டு எதையாவது பற்றி ஏறும். உங்கள் செடி தானாக நிமிர்ந்து நிற்கிறது. ஆச்சி நினைப்பது சதுரக்கள்ளியாக இருக்கும். அதில் பட்டை ஓரமெல்லாம் இரண்டிரண்டாக முள் இருக்கும், ஒடித்தால் வெள்ளைப் பால் வரும், அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. படத்தில் உள்ள பூவை வைத்துப் பார்த்தால் இது கள்ளிமுளையான். பெயரில் கள்ளி இருக்கிறதே தவிர கள்ளிக்கு இது சொந்தமே இல்லை. பிரண்டை திராட்சைக் குடும்பம், சதுரக்கள்ளி ஆமணக்குக் குடும்பம், இது எருக்குக் குடும்பம். தண்ணீர் கிடைக்காத மண்ணில் பிழைக்க வேண்டும் என்பதால் மூன்றும் சதைப்பிடித்த நாலு பட்டைத் தண்டுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன, எனக்கு இதை நினைக்க நினைக்க ஆச்சரியம்தான்.

உறுதி செய்ய ஒரு வழி உண்டு. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு நுனியைக் கொஞ்சம் கிள்ளுங்கள், அப்புறம் கையைக் கழுவிவிடுங்கள். எருக்குக்குப் பால் உண்டு, ஆனால் கள்ளிமுளையானில் தெளிந்த நீர்தான் கசியும். வெள்ளையாக வந்தால் நான் சொன்னது தவறு, எனக்குத் திரும்ப எழுதுங்கள்.

அந்த வாடை ஈக்களை அழைக்கத்தான், அவைதான் மகரந்தம் சுமக்கின்றன. பூ வாடினால் வாடையும் போய்விடும். வறண்ட ஊர்களில் இதன் தண்டைப் புளி சேர்த்துத் துவையல் அரைப்பது வழக்கம்தான், ஆனால் படத்தைப் பார்த்து நான் சொன்னதை நம்பி யாரும் வாயில் வைக்க வேண்டாம். செடியைத் தெரிந்த பெரியவர் ஒருவர் நேரில் பார்க்கட்டும்.

இத்தனை வருஷம் யாரும் ஊற்றாமலே எப்படி உயிரோடு இருந்தது? பகலில் தண்டின் துளைகளை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து காற்றை வாங்கும் செடி இது, அதனால் நீர் வீணாவதில்லை. முற்றத்தில் விழுந்த மழையே போதுமாக இருந்திருக்கும். அந்த ஜாடி அடி உடைந்திருந்தது இன்னொரு நல்ல காலம், தண்ணீர் தேங்கியிருந்தால் வேர் அழுகியிருக்கும். இனிமேல் பாசத்தில் தினமும் ஊற்றிவிடாதீர்கள். கோடையில் மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் ஊற்றினால் போதும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தாழ்வாரத்துக்குள் நகர்த்தி வையுங்கள். இன்னொரு தொட்டி வேண்டுமென்றால் ஒரு தண்டை வெட்டி மூன்று நான்கு நாள் நிழலில் காயவைத்து, செம்மண்ணும் சிறு ஜல்லியும் கலந்து நடுங்கள்.

காய் பிடித்தால் மாட்டுக் கொம்பு மாதிரி ஜோடியாக மெலிந்து நீளும். முற்றியதும் வெடித்து, எருக்கு விதை போலவே பஞ்சோடு பறந்துவிடும். அதற்கு முன்பே மெல்லிய துணியைக் கட்டி விதையைப் பிடித்து வையுங்கள்.