ஸ்கோப் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் என்ன கவனிக்கணும்? உங்க கேள்விங்களுக்கு பதில்

நான் கேஎல்ல (கோலாலம்பூர்ல) எண்டோஸ்கோப்பி ரூம்ல மிஸ்ஸியா, அதாவது நர்ஸா இருக்கேன். இந்த தடவ வந்த கேள்விங்க முக்காவாசி கோலனோஸ்கோப்பி, அதாவது கேமரா வச்ச குழாய உள்ள விட்டு பெருங்குடல பாக்குற ஸ்கோப் பத்திதான்.

செந்தூல் அக்கா: பாலிப் எடுத்து 8 நாள் ஆச்சு, இப்ப போயி ரத்தம் வருது. அதனாலயா இருக்கும்?

இருக்கும்க்கா. உங்ககிட்ட அன்னிக்கே ஃபோன்ல எமர்ஜென்சிக்கு கெளம்புங்கன்னு சொல்லிட்டேன், மத்தவங்களுக்காக எழுதுறேன். பாலிப்ப, அதாவது குடல் சுவத்துல வளர்ற சின்ன சதைய, கரண்ட் வச்சு சுட்டு எடுக்குறப்ப அந்த எடத்துல பொருக்கு கட்டும், பொருக்கு உதிர்ற நேரத்துல ரத்தம் வரலாம், ரெண்டு வாரம் வரைக்கும்கூட. டிஷ்யூல ஒரு சொட்டு ரெண்டு சொட்டுன்னா டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம், கட்டி கட்டியா போனாலோ தலை சுத்துனாலோ வீட்ல உக்காந்து பாக்காதீங்க.

இன்னொன்னு, ஸ்கோப் பண்ண எடத்துக்கும் கண்டிப்பா சொல்லுங்க. நான் முன்ன வேலை பாத்த எடத்துல ஒரு அங்கிளுக்கு பாலிப் எடுத்தோம், ஆறாம் நாள் ரத்தம் போயி வீட்டு பக்கத்துல இருந்த வேற ஹாஸ்பிடல்ல அட்மிட் ஆயி கிளிப் போட்டு நிறுத்தியிருக்காங்க, எங்க ஃபைல்ல மட்டும் அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லன்னே இருந்துச்சு. மூணு மாசம் கழிச்சு அவரு மக அப்பாயின்மென்டுக்கு வந்து சொன்னப்பதான் எங்களுக்கே தெரியும். வீட்டுக்கு போனப்புறம் வர்ற பிரச்சினைய யாரும் சொல்லலன்னா கணக்குலயே வராது, கணக்குல வரலன்னா எதை திருத்துறது? பாலிப் எடுத்தவங்கள்ல ரத்தக்கசிவு 100க்கு 1க்கு கீழ, சும்மா செக்கப்புக்கு வந்தவங்கள்ல குடல் ஓட்டை 1000க்கு 1க்கு கீழ இருக்கணும்னு அளவு வச்சிருக்காங்க. நல்ல யூனிட்னா 30 நாள் வரைக்கும் விசாரிச்சு எழுதி வைக்கும்.

பட்டர்வொர்த் தம்பி: டாக்டர் நல்லா பாக்குறாரான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

கூச்சப்படாம மூணு கேளுங்க தம்பி. ஸ்கோப் பெருங்குடலோட கடைசி வரைக்கும் போச்சா? ரிப்போர்ட்ல அப்பெண்டிக்ஸ் வாய் தெரியற ஃபோட்டோ இருக்கும், சின்ன பிறை மாதிரி ஒரு மடிப்பு, அதை காட்ட சொல்லுங்க. ரெண்டாவது, வெளிய இழுக்குறப்ப எவ்ளோ நேரம் பாத்தாங்க? ரொம்ப வருஷமா 6 நிமிஷம்னு இருந்துச்சு, 2024ல அமெரிக்க சங்கங்க சராசரி 8 நிமிஷமாவது வேணும்னு மாத்திட்டாங்க. மூணாவதுதான் ரொம்ப முக்கியம், அவரு பாக்குற 100 பேர்ல எத்தனை பேருக்கு அடினோமா, அதாவது பின்னாடி கேன்சரா மாறக்கூடிய பாலிப், கண்டுபிடிக்கிறாருன்னு. 45 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 35 பேருக்காவது கிடைக்கணும்னு இப்ப சொல்றாங்க. 2014ல அமெரிக்காவுல வந்த ஒரு பெரிய ஆய்வுல இந்த கணக்கு 1 சதவீதம் கூடுனா பின்னாடி கேன்சர் வர்ற அபாயம் 3 சதவீதம் கொறையுதுன்னு பாத்திருக்காங்க. கேட்டா கோவிச்சுக்கிற டாக்டர்கிட்ட எனக்கு நம்பிக்கை வராது.

பிரிக்ஃபீல்ட்ஸ் அம்மா: ஸ்கோப் முடிஞ்சதும் வயிறு உப்பிக்கிட்டு வலிக்குது, பயமா இருக்கு.

காத்து அடிச்சு பாக்குறதால உப்பும்மா, காத்து பிரிஞ்சா கொறைஞ்சிடும். கொறையாம வலி கூடிக்கிட்டே போனா, வயிறு பலகை மாதிரி கெட்டியானா, காய்ச்சல் வந்தா, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் போயிடுங்க.

பினாங்குல இருந்து ஒரு அண்ணன்: பேதி மருந்த பாதிதான் குடிச்சேன், பரவால்லயா?

பரவாயில்லன்னு சொல்ல மாட்டேண்ணே. குடல்ல மலம் ஒட்டிக்கிட்டு இருந்தா பாலிப் அதுக்கடியில ஒளிஞ்சுக்கும், அப்புறம் எவ்ளோ நல்ல டாக்டரா இருந்தும் பிரயோஜனமில்ல, இன்னொரு தடவ பண்ண வேண்டி வரும். முந்தின ராத்திரி பாதி, அன்னிக்கு விடிகாலை பாதின்னு பிரிச்சு குடுத்தா குடிக்கவும் லேசு, சுத்தமும் நல்லா ஆகும். எப்ப நிறுத்தணும்னு உங்க யூனிட் சொல்ற நேரத்த மீறாதீங்க. தே ஓ (பால் இல்லாத டீ) குடிக்கலாம், தே தாரிக் (பால் டீ), மைலோ வேண்டாம், செவப்பு சிராப்பும் வேண்டாம், உள்ள பாக்குறப்ப ரத்தம் மாதிரி தெரியும். ரத்தத்த நீர்க்க வைக்கிற மருந்து சாப்பிடுறீங்கன்னா நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர கேளுங்க.

மகனோட மோட்டார எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வரலாமா?

கூடாது. மயக்க ஊசி போட்டா 24 மணி நேரத்துக்கு வண்டிய தொடாதீங்க, யாராச்சும் வந்து கூட்டிட்டு போகட்டும்.