சூடானால் நிற்கும் மோட்டார்

கேள்வி: வெர்சோவாவில் சின்னப் படகு வைத்திருக்கிறேன். அதன் பின்புறம் மாட்டியிருப்பது பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். அரை மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் கிளம்புகிறது. கார்புரேட்டரைக் கழுவியாச்சு, பிளக்கும் மாற்றியாச்சு. என்னதான் கோளாறு?
– வாசகர், மும்பை

பதில்: இனி பாகம் எதுவும் வாங்காதீர்கள் அண்ணே. கரையில் வைத்துப் பார்த்தால் இது சிக்காது; நின்ற அந்த நிமிடமே பார்க்க வேண்டும். முதலில் பெட்ரோல் ஹோஸில் உள்ள ரப்பர் பல்பை (கையால் அமுக்கும் பம்ப்) தொடுங்கள். சப்பிப்போயிருந்தால் டேங்குக்குக் காற்று போகவில்லை. மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறங்கள். (தாராவியில் என் பட்டறைக்கு ‘பெரிய ரிப்பேர்’ என்று வந்த சில மோட்டார்களுக்கு இந்தத் திருகுதான் வைத்தியம்.) பல்ப் தொளதொளவென்று இருந்து, அதை அமுக்க அமுக்க எஞ்சின் ஓடினால், ஹோஸ் இணைப்பில் காற்று இழுக்கிறது, அல்லது பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) போயிருக்கும்.

பல்ப் கெட்டியாக இருக்கிறதா? அப்புறம் பொறி வருகிறதா என்று காட்டும் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பாருங்கள். சூட்டில் பொறி வராமல், ஆறியதும் வந்தால் என் சந்தேகம் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் மீதுதான். உள்ளே விட்டுப்போன கம்பி ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆறிய காயிலை மீட்டரில் அளந்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்பவரை நம்பவே நம்பாதீர்கள். குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் சரியாகப் பீச்சுகிறதா என்றும் கவனியுங்கள். குறைந்தால் தண்ணீர் பம்பின் இம்பெல்லரை (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்) மாற்றுங்கள். சோதனைக்குப் போகும்போது துடுப்பும் துணைக்கு ஒருவரும் அவசியம்.