திரையில் 0.6 மி.மீ., ஊசி எங்கே? – கேள்வி பதில்

ஸ்கேன் படத்தை வைத்து ஊசியையோ கருவியையோ வழிநடத்தும் மென்பொருள்தான் என் வேலை. அது பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன். மருத்துவம் கேட்காதீர்கள், நான் டாக்டர் இல்லை.

கேள்வி: டைகாம் (ஸ்கேன் படக் கோப்பு வடிவம்) படத்தில் மார்க்கர் (அடையாளப் புள்ளி) குறித்து 3டி ஸ்லைசர் மென்பொருளுக்குக் கொண்டுபோனால் இடது வலது மாறிவிடுகிறது. ஏன்?

டைகாமில் எக்ஸ் அச்சு நோயாளியின் இடப்பக்கமாகவும் ஒய் அச்சு முதுகுப்பக்கமாகவும் கூடும். ஐடிகே என்ற படச்செயலாக்க லைப்ரரியும் அப்படித்தான். ஸ்லைசரும் நிஃப்டி என்ற கோப்பு வடிவமும் உள்ளே வலப்பக்கம், முன்பக்கம் என்று நேர் எதிராக எண்ணுகின்றன. எக்ஸ், ஒய் இரண்டையும் -1 ஆல் பெருக்குங்கள், ஒரே ஒரு தடவை. வழியில் எந்த லைப்ரரியாவது ஏற்கெனவே பெருக்கியிருந்தால் மறுபடி தலைகீழ்தான். படம் அழகாகத்தான் தெரியும், எக்ஸ் மட்டும் மாறியிருந்தால் தலை சமச்சீராக இருப்பதால் கண்ணால் பிடிப்பது கஷ்டம். அதனால் சோதனை ஸ்கேன் எடுக்கும்போதே வலப்பக்கம் மட்டும் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவிடுங்கள், எம்ஆர்ஐயில் பளிச்சென்று தெரியும். இதை இன்றைக்கு இன்னும் நாலு தடவை சொல்வேன் என்று தோன்றுகிறது.

கேள்வி: பைத்தானா, சி++ ஆ? எதில் ஆரம்பிப்பது?

பைத்தான். மொழியைவிட முக்கியம் மேலே இருக்கும் பதில்.

கேள்வி: மார்க்கர் வைத்து ரெஜிஸ்ட்ரேஷன் (ஸ்கேன் படத்தையும் நோயாளியின் உடலையும் பொருத்துவது) செய்தால் திரையில் 0.6 மி.மீ. என்று வருகிறது. அப்படியென்றால் ஊசி 0.6 மி.மீ.க்குள் போகும்தானே?

இல்லை. இந்தத் துறையில் ஆட்களை அதிகம் ஏமாற்றும் எண் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்று பிழைகள் இருக்கின்றன. மார்க்கரைத் தொடும்போதோ படத்தில் குறிக்கும்போதோ கை தவறுவது எஃப்எல்இ. படத்து மார்க்கர்களையும் உடல் மார்க்கர்களையும் பொருத்திய பிறகு அவற்றுக்கிடையே மிஞ்சும் இடைவெளி எஃப்ஆர்இ, திரையில் வருவது இது. கட்டி இருக்கும் இடத்தில் எவ்வளவு விலகுகிறது என்பது டிஆர்இ, நமக்கு வேண்டியது இது, ஆனால் திரையில் வராது. 1998இல் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் கூட்டாளிகளும் இவற்றுக்கான தோராயச் சூத்திரத்தைக் கொடுத்தார்கள். தொடும் பிழை 1 மி.மீ. என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். 10 மார்க்கர் இருந்தால் எஃப்ஆர்இ சுமார் 0.89. வெறும் 3 மார்க்கர் என்றால் 0.58! மார்க்கர் குறைய எண் அழகாகிறது. ஆனால் மார்க்கர்களின் நடுப்புள்ளியிலேயே உண்மையான பிழை 10 மார்க்கரில் 0.32, மூன்றில் 0.58. நடுவிலிருந்து விலக விலக இன்னும் கூடும்.

விலகினால் ஏன் கூடுகிறது? சுழற்சிதான். ஒரு டிகிரி தப்பினால் 100 மி.மீ. தள்ளி 1.7 மி.மீ. போய்விடும். ஒருமுறை பிளாஸ்டிக் ஃபேன்டத்தில் (சோதனைக்கான போலி உடல்) ஆறு மார்க்கரையும் முன்பக்கமே ஒட்டிவிட்டேன், ஒட்ட வசதியாக இருந்தது. இலக்காக வைத்த மணி பின்பக்கம். திரையில் 0.7, ஊசி முனை மணியைத் தொடாமல் 4 மி.மீ. தள்ளி நின்றது. இலக்கைச் சுற்றி மார்க்கர் வையுங்கள், வசதிக்கு வைக்காதீர்கள்.

கேள்வி: லேபிள் படத்தை (ஒவ்வொரு புள்ளியும் எந்த உறுப்பு என்று எண்ணால் குறித்தது) ரீசாம்பிள் செய்தால் (வேறு அளவுக் கட்டத்துக்கு மாற்றினால்) 1க்கும் 3க்கும் நடுவில் இல்லாத 2 வருகிறது.

லீனியர் இன்டர்பொலேஷன் போட்டிருக்கிறீர்கள், அது நடுவில் சராசரி எடுக்கும். லேபிளுக்கு நியரஸ்ட் நெய்பர், அது பக்கத்துப் புள்ளியின் எண்ணையே எடுக்கும்.

கேள்வி: அப்பாவின் ஸ்கேனில் ஏதோ வெள்ளையாக…

ஸ்கேன் எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். என்னை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

கேள்வி: எஃப்ஆர்இ பற்றிச் சொன்னதை ஏற்க மாட்டேன். அதிகம் விலகும் மார்க்கரை நீக்கினால் எண் இறங்குகிறது. தப்பான புள்ளி போனால் பொருத்தம் நல்லதாகத்தானே ஆகும்?

அது தப்பான புள்ளி என்று யார் சொன்னது? அந்த எண் சொன்னது. அதே எண்ணை வைத்து நீக்கிவிட்டு, அதே எண் இறங்கியதைச் சாட்சியாகக் காட்டுகிறீர்கள். திருடனையே நீதிபதியாக உட்கார வைத்தது போல இருக்கிறது.

கேள்வி (அதே நண்பர்): அப்போ நகர்ந்துபோன மார்க்கரையும் வைத்துக்கொள்ள வேண்டுமா?

நான் அப்படிச் சொல்லவில்லை. தோல் இழுபட்டிருக்கிறது, பசை விட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் தாராளமாக நீக்குங்கள். காரணம் எண்ணுக்கு வெளியே இருக்க வேண்டும். நம்பிக்கை இல்லையென்றால் இருபது வரி பைத்தான் போதும்: 10 புள்ளிக்கு 1 மி.மீ. பிழை தூவி, மோசமானதை ஒவ்வொன்றாக நீக்கி, இலக்கில் எவ்வளவு விலகுகிறது என்று ஆயிரம் தடவை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: எஸ்விடி (மேட்ரிக்ஸைப் பிரிக்கும் கணக்கு) வைத்துப் பொருத்தினால் தலை கண்ணாடி பிம்பமாகிறது. இடது வலது ஏன்…

மேலே படியுங்கள். அது இல்லையென்றால் சுழற்சி மேட்ரிக்ஸின் டிடர்மினன்டைப் பாருங்கள், -1 என்றால் அது சுழற்சியே இல்லை. வி மேட்ரிக்ஸின் கடைசிப் பத்தியின் குறியை மாற்றிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். அப்புறம், மாத்திரை ஒட்டினீர்களா?

கேள்வி: மூளை அறுவையில் டீப் லேர்னிங் வந்த பிறகு இந்த ரெஜிஸ்ட்ரேஷன் தலைவலியெல்லாம் எதற்கு?

மண்டையைத் திறந்து உறையை வெட்டியதும் தண்டுவட நீர் வடிகிறது, மூளை அமுங்குகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் நகரலாம். காலையில் எடுத்த எம்ஆர்ஐ அந்த நிமிடமே பழைய வரைபடம். நெட்வொர்க் வளைத்துப் பொருத்தும், வேகமாகவும் செய்யும். ஆனால் இப்போது மூளை எங்கே இருக்கிறது என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமே, அதற்குத்தான் அறுவை நடக்கும்போதே அல்ட்ராசவுண்ட். உள்ளே வராத தகவலை எந்த நெட்வொர்க்கும் தராது.

கேள்வி: கேமரா டிராக்கிங்கா, காந்தப்புல டிராக்கிங்கா?

வளையும் கருவி உடம்புக்குள் போனால் கேமராவுக்குத் தெரியாது, காந்தப்புலம்தான். பக்கத்தில் இரும்பு இருந்தால் அது பொய் சொல்லும்.

கேள்வி: பைத்தானா சி++ ஆ?

…

கேள்வி (அதே நண்பர்): ஓட்டிப் பார்த்தேன். நீக்க நீக்க எஃப்ஆர்இ இறங்குகிறது, இலக்கில் பிழை ஏறுகிறது. ஆனால் ஒரு மார்க்கரை வேண்டுமென்றே 8 மி.மீ. தள்ளி வைத்தால் நீக்குவதுதான் ஜெயிக்கிறது!

ஜெயிக்கும், சரிதான். அதை எங்கே தள்ளி வைத்தீர்கள் என்று உங்களுக்கு முன்பே தெரியும். இனி 8 மி.மீ.யை 2 ஆக்கி ஓட்டுங்கள்.